பிரிஜித்தம்மை கட்டுக்கதையா?

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து பங்குப்பேரவைக் கூட்டம். வந்திருந்தவர்கள்: பங்குத்தந்தை ரெக்ஸ்லின். துணைத்தலைவர் ஜார்ஜ் பிலேந்திரன். செயலர் ஷாஜி. எங்கள் தெருக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் சார்பில் எமிலி மைனி, என் அண்ணன் மனைவி. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை இன்னாசி, அவருக்கு நாற்காலி போடவில்லை, கதவருகே நின்றார். மரியாயின் சேனையின் பொருளாளர் செசிலி புஷ்பம், அதாவது நான். வேறு யாரும் இல்லை. ஷாஜி எழுதும் கூட்டக் குறிப்பில் பெண்கள் பேசியது வராது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோயில் வளாகத்தின் ரோட்டோர மூலையில் இருக்கும் சின்னக் கோயிலான பிரிஜித்தம்மை குருசடியை இடித்துவிட்டு, அதன் பின்னால் உள்ள இடத்தையும் சேர்த்துத் தோண்டி, சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்தப் போகிறார்களாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ரோட்டில் காரை விட்டுவிட்டு நடக்க வேண்டியிருக்கிறதாம். நடந்தால் கால் தேய்ந்துவிடும்!

"அந்தக் குருசடியில இருக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஃபாதர் கேட்டார். "பிரிஜித்துன்னு ஒரு புனிதை வாழ்ந்தாங்களான்னே சந்தேகம். அது அயர்லாந்துல இருந்த கெல்ட் மக்களோட பழைய நெருப்பு தேவதை. பின்னாடி வந்தவங்க கட்டிவிட்ட கதை. இணையத்துல போட்டுப் பாருங்க. பெண்கள் அங்க துணி விரிக்கிறதும் மூடப்பழக்கம்தான்."

எமிலி மைனி எழுந்தாள். "ஃபாதர், எங்க அம்மை காலத்துலேந்து விரிக்குதோம்."

ஜார்ஜ் சிரித்தான். "மைனி, உங்க அம்மை காலத்துல கரண்டும்தான் இல்ல. இப்ப வீட்டுல லைட்ட அணைச்சிட்டா இருக்கிய?"

ஷாஜியும் சிரித்தான். மைனி உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எந்த இணையத்துல ஃபாதர் போட்டுருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும்தான்மா."

"கூகுள்ல அக்கா, கூகுள்ல" என்றான் ஜார்ஜ். "கேஸ் சிலிண்டருக்கு மெசேஜ் வருமே, அந்த ஃபோன்லயே வரும்."

அடுத்த கூட்டம் 26-ஆம் தேதி. அதுவரை குருசடியில் கை வைக்கக்கூடாது, புனிதை இருந்தார் என்று நான் காட்டுகிறேன் என்றேன். ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஆதாரம் கொண்டு வாங்க. நல்ல ஆதாரமா."

வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கை வெட்டினேன். வெட்ட வேண்டியதைவிடப் பலமாக வெட்டினேன்.

ஜனவரி 6, திங்கள்

முதலில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மலைமேல் எஸ்டேட் இருந்த காலத்தில், அங்கே ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க அயர்லாந்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்திருந்தாராம். அவர்தான் பிரிஜித்தம்மையின் சுரூபத்தை, அந்தச் சிலையை, கொண்டுவந்து இங்கே வைத்தவர். பெப்ரவரி முதல் தேதி திருநாள். அதற்கு முந்தின சாயங்காலம் பெண்கள் ஆளுக்கொரு துணியைக் கொண்டுபோய்க் குருசடியின் பின்புறம் தரையில் விரிப்போம். இரவெல்லாம் பனி விழும். விடிந்ததும் எடுத்து மடித்துப் பெட்டியில் வைப்போம். தலைவலிக்கு நெற்றியில் கட்டலாம். பேறுகாலத்தில் வயிற்றில் போடலாம். எல்லாரும் வருவதில்லை. வருகிறவர்கள் அவரவர் இடத்தில்தான் விரிப்பார்கள். ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி விரிக்கமாட்டாள். நான் மேற்குச் சுவரோரம், முருங்கை மரத்தடியில் விரிப்பேன். எனக்குத் தலைவலி கிடையாது.

சமையல் முடிந்ததும் ஃபோனில் போட்டுப் பார்த்தேன். முதலில் வந்தவன் மெழுகுதிரி விற்கிறான். பிரிஜித் தேவி மெழுகுதிரி, பணம் வர ஒரு நிறம், புருஷன் திரும்பி வர ஒரு நிறம். இரண்டாவது ஒரு தாடிக்காரன், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். மூன்றாவதில் வாசிக்கவே விடவில்லை. குக்கீயை ஏற்றுக்கொள், பெயரைக் கொடு, ஈமெயிலைக் கொடு என்று வாசலிலேயே மறித்துக்கொண்டான். நான்காவதும் ஐந்தாவதும் முதலாவது எழுதியதையே வரி மாறாமல் எழுதியிருந்தன, எழுத்துப்பிழை உட்பட. தமிழில் மாற்று என்று அழுத்தினால் வருகிற தமிழைப் பூனைகூட வாசிக்காது.

இதைத்தான் ஃபாதர் "எல்லாத்துலயும்" என்றார். ஒருத்தன் புளுகை ஒன்பது பேர் நகல் எடுத்தால் அது பத்து சாட்சியா?

ஜனவரி 7, செவ்வாய்

சாளை மீன் வாங்கினேன். கோபத்தில் உப்பு கூடிவிட்டது. இவர், என் வீட்டுக்காரர், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதற்கும் கோபம் வந்தது.

ஜனவரி 9, வியாழன்

நான் எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் படித்தது தமிழ் வேதாகமத்தையும் இங்கிலீஷ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வசனம் இதில், அதே வசனம் அதில் என்று. அதனால் பழைய இங்கிலீஷ் எனக்குச் சுலபம். செய்தித்தாள் இங்கிலீஷ்தான் தகராறு.

இன்று உட்கார்ந்து யோசித்தேன். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவோமா? இதற்கும் அப்படித்தான். எழுதியவன் பெயர் போட்டிருக்கிறானா? எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்கிறானா? மூல வாசகத்தைக் காட்டுகிறானா, அல்லது "முன்னோர்கள் நம்பினார்கள்" என்று காற்றில் விடுகிறானா? கடைசியாக, பக்கத்தில் ஏதாவது விற்கிறானா?

வீட்டுக்கணக்குப் போலவே கோடு போட்டு எழுதினேன். பார்த்தது, தேறியது, தள்ளியது. தேறியதன் கீழ் ஒன்றுமில்லை. தள்ளியது பக்கம் நிறைந்துவிட்டது. இந்த அயர்லாந்துத் தீவுக்காரர்களின் பழங்கதைகளைப் பற்றி உலகத்தில் இத்தனை பேர் இத்தனை பொய் எழுத நேரம் எங்கிருந்து கிடைக்கிறது? துவைக்க வேண்டாமா, சமைக்க வேண்டாமா இவர்களுக்கு?

எமிலி மைனி வந்தாள். "என்ன பிள்ளே, கண்ணு செவந்து கெடக்கு?"

"கெல்ட்டுக்காரங்களத் தேடுதேன்."

"கண்டா என் வீட்டுக்கும் வரச் சொல்லு. தேங்கா வெட்ட ஆளில்ல" என்றாள். சிரித்தோம். அவள் போகும்போது வாசலில் நின்று, "கெடைக்குமா பிள்ளே?" என்று வேறு குரலில் கேட்டாள். கிடைக்கும் என்றேன்.

ஜனவரி 11, சனி

கிடைத்தது!

பல்கலைக்கழகம் ஒன்றின் தளம். அலங்காரமே இல்லை, படம் இல்லை, விளம்பரம் இல்லை. பழைய ஐரிஷ் நூல்கள், லத்தீன் நூல்கள் வரிசையாக. எந்த ஓலை எந்த நூலகத்தில் இருக்கிறது, யார் பிரதி எடுத்தது, யார் மொழிபெயர்த்தது, எல்லாம் போட்டிருக்கிறது. ஓலை இல்லை, அவர்களுக்குத் தோல். அங்கிருந்து வழி பிடித்துப் போனால், ஏழாம் நூற்றாண்டில் ஒரு துறவி லத்தீனில் எழுதிய பிரிஜித்தம்மை வரலாறு, பழைய இங்கிலீஷில். வேதாகமம் போலவே ஓடுகிறது.

மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தவர், கண் கூசி, கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிற்கதிரைக் கொடி என்று நினைத்து ஈரத்துணியை அதன்மேல் போட்டாராம். வெயிற்கதிர் தாங்கியதாம். இதை எழுதியவர் நிச்சயம் துணி காயப்போட்டுப் பார்த்தவர்.

வெண்ணெய் கடையச் சொன்னார்களாம். கடைந்ததை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். அளந்து ஒப்படைக்கும் நேரம் வந்ததும் செபித்தார், அளவு சரியாக இருந்தது. எனக்கு இப்படி ஒரு மாதமாவது வந்தால் தேவலை.

குளிக்கிற தண்ணீரை பியர் ஆக்கிய புதுமையும் இருக்கிறது. இதை நம் பங்கில் வாசித்தால் ஆண்கள் எல்லாரும் குருசடிக்கு மாலை போடுவார்கள். எழுதிக்கொள்ளவில்லை.

தேறியது பத்தியில் முதல் வரி எழுதினேன். இரண்டாவதாக ஒரு தேசிய நூலகம்: தோலில் எழுதிய பழைய ஏடுகளை அப்படியே படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் யாரோ ஒரு துறவி பூனை வரைந்திருக்கிறார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோயிலிலும் பொங்கல் வைத்தோம். ஜார்ஜ் பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, பேய் ஆராய்ச்சி எந்த அளவுல இருக்கு?"

"உன்னப் பத்தி இன்னும் ஒண்ணும் போடல தம்பி" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் போகும்போது, பெப்ரவரி மூன்றாம் தேதிக்கு இயந்திரம் சொல்லியாகிவிட்டது, தோண்டுகிறவன் ஒரு நாள்தான் கொடுத்திருக்கிறான் என்று ஷாஜியிடம் எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். கூட்டமே இன்னும் கூடவில்லை. என்னை எதற்கு ஆதாரம் கொண்டு வரச் சொன்னார்கள்? பிள்ளைகளுக்குச் சாவிக்கொத்து கொடுத்து விளையாட விடுகிற மாதிரியா?

கோபம் பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும். யாரிடம் சொல்ல? அதே ஃபாதரிடம்தானே.

ஜனவரி 16, வியாழன்

இன்று நல்ல தளங்கள்மேலேயே கோபம்.

பெரிய பேராசிரியர்கள் எழுதிய கட்டுரை ஒன்று. அடிக்குறிப்பு, மேற்கோள் எல்லாம் ஒழுங்கு. வாசித்து முடித்தால் என்ன சொல்கிறார்கள்? பிரிஜித்தம்மை ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்திருக்கலாம். வாழாமலும் இருந்திருக்கலாம். அதே பெயரில் ஒரு தேவி இருந்ததாக ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு சொல்லகராதி சொல்கிறது. இரண்டும் ஒன்றா, வேறா என்று அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ராஜா நிலம் தர மறுத்தபோது அவர் தம் போர்வையை விரிக்க, அது விரிந்து விரிந்து வயல்வெளி முழுவதையும் மூடியது என்ற கதை, எனக்கு மிகவும் பிடித்த கதை, மிகப் பழைய வரலாற்றில் இல்லவே இல்லை. பின்னால் வந்ததாம்.

பொய்யன் தளங்கள் எல்லாம் எவ்வளவு உறுதியாகப் பேசின! உண்மையானவர்கள் மட்டும் ஏன் இப்படி இழுக்கிறார்கள்? நல்ல மூலம் என்பது நமக்கு வேண்டியதை மட்டும் சொல்லாது என்பது புரிகிறது. புரிந்தால் கோபம் வராதா?

இவரிடம் சொன்னேன். இவர் பழைய மருந்தடிக்கும் பம்பைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது.

"உனக்கு என்னத்துக்கு பிள்ளே இதெல்லாம்" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

பம்பைப் பார்த்துக்கொண்டார். இந்த மனிதரின் வாயைத் திறக்க எந்த ஸ்பேனர் என்று எனக்கு இத்தனை வருடத்தில் தெரியவில்லை.

ஜனவரி 18, சனி

துணி கிடைத்துவிட்டது.

அயர்லாந்தில் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நோட்டுக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் பழங்கதைகளும் பழக்கங்களும் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டுகளை எல்லாம் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் பெயர், ஊர், யார் சொன்னது, அவருக்கு என்ன வயது, எல்லாம் மேலேயே இருக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கத் தேவையே இல்லை, மீன் துள்ளுகிறது.

ஒரு பெண்பிள்ளை சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: பிரிஜித்தம்மை திருநாளுக்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்கு வெளியே ஒரு துணி போடுவோம். இரவில் அவர் அவ்வழியே போகும்போது அதை ஆசீர்வதிப்பார். தலைவலிக்கும் பேறுகாலத்துக்கும் எடுத்து வைப்போம்.

நம்முடையதேதான்! அந்தக் கன்னியாஸ்திரி தம் வீட்டுப் பழக்கத்தை இங்கே விட்டுப் போயிருக்கிறார். மூடப்பழக்கமாம். யாருக்கு மூடம்?

பிரிண்ட் எடுக்கப் போனேன். கையெழுத்துப் பக்கம் கருப்பாக விழுந்தது, ஒரு எழுத்துத் தெரியவில்லை. கடைப்பெண், "வேற ஏதாவது டைப் அடிச்ச பக்கம் இருக்கா ஆன்ட்டி?" என்றாள். தேடிப் பார்த்தேன். இதே பழக்கத்தைப் பெரிய எழுத்தில் அழகாகப் போட்டிருந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வெட்கம். கோபம். வெட்கம்.

பூசை முடிந்து ஃபாதரிடம் இரண்டு தாளையும் கொடுத்தேன். கருப்புத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். டைப் அடித்ததை வாசித்தார். முதலில் தலையை ஆட்டினார். பிறகு தாளின் அடிக்கு வந்ததும் எனக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "இது கிறிஸ்தவத்துக்கு முந்திய தேவி வழிபாட்டின் மிச்சம். இதை நீங்கதானே கொண்டு வந்தீங்க செசிலியம்மா?"

அடிவரை வாசிக்காமல் எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே மெழுகுதிரிக்காரன், வேறு பெயரில், வேறு நிறத்தில். இத்தனை நாள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, எழுத்து பெரிதாக இருந்தது என்பதற்காகக் கடைசியில் அழுகினதை வாங்கிக்கொண்டு போய் நானே ஃபாதர் கையில் கொடுத்திருக்கிறேன்.

ஃபாதர் கெட்டவர் இல்லை. அதை எழுதவேண்டும். "உங்க பக்தியை நான் குறை சொல்லலம்மா. அன்னை மரியாளுக்கு ஒரு அழகான கெபி கட்டித் தர்றேன், அங்க வந்து செபிங்க" என்றார். கெபி எதற்கு எனக்கு?

"அந்த எடத்துல தோண்டாதீங்க ஃபாதர்" என்றேன்.

"ஏன்?"

வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

மாவு அரைத்தேன். ஃபோனைத் தொடவில்லை.

ஜனவரி 22, புதன்

மறுபடியும் அந்தப் பிள்ளைகளின் நோட்டுகளுக்குப் போனேன். ஆதாரத்துக்காக இல்லை. அவை பொய் சொல்லாது என்பதற்காக.

ஒரு பையன் தன் ஊர் வயல்களைப் பற்றி எழுதியிருக்கிறான். எந்த வயலுக்கு என்ன பெயர், எங்கே பழைய கோட்டை இருந்தது, எங்கே தேவதைகள் ஆடும். நடுவில் ஒரு வயல். நான்கைந்து தரம் வாசித்தேன். பிறகு எழுந்து, இவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நின்றுகொண்டே வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"ஞானஸ்நானம் வாங்காம செத்துப்போன பிள்ளைகள இந்த வயல்ல பொதைப்பாங்க. கல்லறைத் தோட்டத்துல எடம் குடுக்கமாட்டாங்க. பொழுது சாஞ்ச பெறவு தகப்பன் தனியா கொண்டு வருவான். இங்க யாரும் கலப்பை வைக்கது இல்ல."

இவர் கையில் இருந்த திருகாணியைக் கீழே வைத்தார்.

"எந்த ஊரு?"

"அயர்லாந்து."

"அங்கயுமா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசம் வந்தது. இரண்டு பேரும் போகவில்லை.

"முருங்கைக்கும் செவுத்துக்கும் நடுவுல" என்றார். "அப்ப இருந்த கோயில்பிள்ளை மண்வெட்டி தந்தாரு. ஒம் பச்ச சேலயக் கிழிச்சுத்தான் சுத்துனேன். நீ விரிக்கது ஒரு முழம் தள்ளி. அது தெக்க."

"ஒவ்வொரு வருசமும் பாத்துட்டா இருந்திய?"

"ரோட்டுல நிப்பேன்."

"இத்தன வருசமும் ஒரு முழம் தள்ளி விரிச்சிருக்கேன். ஏன் சொல்லல?"

"நீ கேக்கல பிள்ளே."

கையில் கிடைத்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். இவர் எழுந்து போய் எடுத்து வந்து, துடைத்து, பெட்டியில் வைத்தார். அதன்பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலி உள்ளவர், தரையில் உட்காரமாட்டார்.

என்ன பிள்ளை என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை, காய்ச்சலில் கிடந்தேன். பெண்பிள்ளை என்றார்.

ஜனவரி 23, வியாழன்

எமிலி மைனியிடம் போய்க் கேட்டேன். நேரடியாகக் கேட்டேன்: குருசடியின் பின்வாசப்படிக்குப் பக்கத்தில் நீ விரிக்கிற இடத்தில் யார்? அவள் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைக் கவிழ்த்துவிட்டு என்னை அடித்தாள், தோளில், கையில். அப்புறம் கட்டிக்கொண்டாள். "ரெட்டப்பிள்ள" என்றாள். எனக்குத் தெரியாது. அண்ணன் சொன்னதே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் துணி விரிக்கிற மற்ற பெண்கள் வீடுகளுக்குப் போனோம். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. மற்றவர்கள் திறந்தார்கள். யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

தலைவலிக்கு, பேறுகாலத்துக்கு என்று எங்கள் வாயாலேயே சொல்லிச் சொல்லி, நாங்களே அதைத் தலைவலித் துணி ஆக்கிவிட்டோம். யாரைக் கோபிக்க? ஞானஸ்நானம் இல்லை, மந்திரிக்கப்பட்ட மண்ணில் இடமில்லை என்று பிணத்தைத் திருப்பி அனுப்பியவர்களை. ஆமாம் சாமி என்று தலையாட்டிய எங்கள் ஆண்களை. அழாதே, அடுத்தது பிறக்கும் என்ற எல்லா வாயையும். எனக்கு அடுத்தது பிறக்கவில்லை.

செபமாலை சொன்னேன். துக்க தேவ இரகசியத்தில் நின்றுவிட்டேன். மாதாவே, உம் பிள்ளையை உம் மடியிலாவது கிடத்தினார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கூட்டம். இந்த முறை மண்டபத்தின் பின்புறம் பெண்கள் வந்து நின்றார்கள். ஷாஜி, "உறுப்பினர்கள் மட்டும்" என்றான். யாரும் நகரவில்லை.

ஃபாதர் என்னைப் பேசச் சொன்னார். தாள் எதுவும் கொண்டுபோகவில்லை.

"ஃபாதர், நல்ல ஆதாரம் கேட்டிய. தேடுனேன். பிரிஜித்தம்மை இருந்தாவளா இல்லையான்னு அவிய ஊருப் பெரிய படிப்புக்காரங்களுக்கே உறுதி இல்ல. பொய் சொல்லமாட்டேன், நான் தோத்துட்டேன்."

ஜார்ஜ் நாற்காலியில் சாய்ந்தான். "அப்ப முடிஞ்சுதுல்லா அக்கா. நேரமே சொல்லியிருந்தா டீ குடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

"ஒண்ணு கேக்கட்டா ஜார்ஜு?"

"கேளுங்க."

"உங்க அம்மை எந்த எடத்துல துணி விரிப்பாவ?"

"சுரூபத்துக்கு நேர் பின்னால. ஏன்?"

"என்னத்துக்கு விரிப்பாவ?"

"தலவலிக்குத்தான். அம்மைக்கு எப்பவும்..." பின்னால் நிற்கிற பெண்களைத் திரும்பிப் பார்த்தான். ஒரு கிழவி, அவனுக்குச் சித்தி முறை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு மூத்தது மக்கா" என்றாள். "ஆம்பளப் பிள்ள. ஒன்னப் போலவே இருந்துச்சு."

ஜார்ஜ் எழுந்தான். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

ஃபாதருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "அங்க எத்தனை பேர்..." என்று தொடங்கி, கோயில்பிள்ளை இன்னாசியைப் பார்த்தார். இன்னாசி கதவருகே தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அப்பன்தான் குழி வெட்டுவாரு ஃபாதர். எழுத்துல எதுவும் கெடையாது" என்றார்.

ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டார். எனக்கு ஏனோ அதுவும் எரிச்சலாக இருந்தது. வேலையைத் தாம் நிறுத்த முடியாது, கட்டடக்குழு மறைமாவட்டத்தினுடையது, உத்தரவு அங்கிருந்து வந்தது, ஆயருக்கு எழுதுகிறேன் என்றார். எப்போது எழுதுவீர்கள் என்றேன். இந்த வாரத்துக்குள் என்றார். ஜார்ஜ் தலை தூக்காமல், "மூணாம் தேதி வண்டி வரும் ஃபாதர். நான் சொன்னாலும் நிப்பாட்டமாட்டான், குழுகிட்ட இருந்து பேப்பர் வேணும்" என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

நானே எழுதுகிறேன் என்றேன். அந்தக் கதவு திறக்காத வீட்டுக்காரி, எல்லாருக்கும் பின்னால் நின்றவள், "எம் பேரையும் போடு" என்றாள்.

ஜனவரி 27, திங்கள்

காலையில் பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல். இவர் பஸ்ஸில் கூட வந்தார். தபாலாபீஸில் தாமும் கையெழுத்துப் போட்டார்.

மிகவும் வணக்கத்துக்குரிய ஆயர் அவர்களுக்கு,

எங்கள் பங்கின் பிரிஜித்தம்மை குருசடியை இடித்து, பின்புறத்தைத் தோண்ட உத்தரவாகியிருக்கிறது. அந்தப் புனிதை இருந்தாரா என்பதைப் பற்றி நான் எழுதவில்லை. தேடிப் பார்த்தேன், எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பிள்ளைகள் இருந்தார்கள். அது நிச்சயம். நாங்கள் பெற்றோம். உயிரில்லாமல் பிறந்ததால் ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. ஞானஸ்நானம் இல்லாததால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் குருசடிக்குப் பின்னால் வைத்தோம். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை. பெயர்களும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் அவர்களின் தாய்மார், ஒருவர் தகப்பன், ஒருவர் தம்பி.

நாங்கள் கேட்பது இரண்டு. அந்த மண்ணில் இயந்திரம் இறங்கக்கூடாது. தாங்கள் நேரில் வந்து அந்த மண்ணை மந்திரித்துக் கல்லறையாக அறிவிக்க வேண்டும். இத்தனை காலம் கழித்து எதற்கு என்று யாராவது தங்களிடம் சொன்னால், அவரை எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

குருசடி இருக்கவேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தால் சுரூபத்தை நான் என் வீட்டில் வைத்துக்கொள்வேன். பிள்ளைகளை எங்கே வைப்பது என்று தாங்கள்தான் சொல்லவேண்டும்.

மூன்றாம் தேதி காலையில் இயந்திரம் வருகிறது. தயவுசெய்து அதற்கு முன்பே, சீக்கிரமாகப் பதில் எழுதுங்கள்.